குளிரும் புகையும் மின்வெட்டும்: சீபேப் மெஷினோடு முதல் வாரங்கள்

தோட்ட லயத்தில் ஒருவர் பலமாகக் குறட்டை விட்டால் அடுத்த காம்பராவுக்கும் கேட்கும். "பகல் முழுக்க மலை ஏறி இறங்கின உடம்பு, அசந்து தூங்குது" என்று சொல்லி விட்டுவிடுவார்கள். ஆனால் அந்தக் குறட்டை திடீரென்று நின்று, சில விநாடிகள் சத்தமே இல்லாமல் போய், பிறகு மூச்சுத் திணறலோடு மறுபடி ஆரம்பித்தால் கவனிக்க வேண்டும். தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப் பாதை அடைபடுகிறது. இரத்தத்தில் ஒட்சிசன் இறங்குகிறது. மூளை பதறி ஆளை அரைகுறையாக எழுப்புகிறது, மூச்சு வருகிறது, கண் அயர்ந்ததும் திரும்ப அடைபடுகிறது. குறைந்தது 10 விநாடி நீளும் இப்படியான மூச்சுத் தடையோ மூச்சுக் குறைவோ மணிக்கு 5 முதல் 15 தடவை வந்தால் நோய் லேசானது, 30 வரை நடுத்தரமானது, அதற்கு மேல் கடுமையானது என்று வைத்தியர்கள் வகுத்திருக்கிறார்கள்.

நோயாளிக்கு இது எதுவும் நினைவிருக்காது. காலையில் தலைவலி, பெரட்டுக்குப் போகும்போதே களைப்பு, பின்னேரம் உட்கார்ந்த இடத்தில் கண் சொருகுவது, மருந்து போட்டும் இறங்காத பிரஷர் என்றுதான் அது வெளியே தெரியும். இரவில் நடப்பதற்குச் சாட்சி பக்கத்தில் படுப்பவர்தான். அவர் கைத்தொலைபேசியில் அந்தக் குறட்டையையும் இடையில் விழும் அமைதியையும் இரண்டு நிமிடம் பதிவு செய்துவைத்தால், டொக்டரிடம் வாயால் சொல்வதைவிட அது பலமாகப் பேசும். பருத்த உடம்புக்காரருக்கு மட்டும் வருகிற நோய் என்று நினைக்க வேண்டாம். தாடை சிறியவர்கள், தொண்டையில் டொன்சில் பெருத்தவர்கள், மாதவிடாய் நின்ற பெண்கள் என்று ஒல்லியான ஆட்களுக்கும் வருகிறது. படுக்கும் முன் சாராயமோ கசிப்போ குடித்தால் தொண்டை இன்னும் தளரும். உலகத்தில் 30 முதல் 69 வயதுக்குள் ஏறக்குறைய 936 மில்லியன் பேருக்கு இது லேசாகவாவது இருக்கும் என்று 2019இல் லான்செட் குழுமத்தின் சுவாச மருத்துவ இதழ் கணித்தது.

நுவரெலியா மாவட்டத்துக் கந்தப்பளையில் இந்த நோயை நினைக்கும்போது எனக்கு முதலில் மனதில் வருவது மரக்கறி லொறிகள். லீக்ஸும் கரட்டும் உருளைக்கிழங்கும் ஏற்றிக்கொண்டு இரவில் றம்பொடை வளைவுகளில் இறங்கும் சாரதிக்கு இரண்டு விநாடி கண் அசந்தால் போதும். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2009ஆம் ஆண்டு மீளாய்வு ஒன்று, இந்த நோயுள்ள சாரதிகள் விபத்தில் சிக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு என்று கண்டது. சிகிச்சை பிடித்தபின் அந்த ஆபத்து இறங்குகிறது. பகலில் தூக்கம் தள்ளுகிறவர், சிகிச்சை சரியாகும்வரை இரவு ஓட்டத்தை இன்னொருவரிடம் விடுவதே நல்லது. கூலி குறையும்தான். ஆனால் பின்னால் வரும் பஸ்ஸையும் நினைக்க வேண்டும்.

இந்தக் கட்டுரை முக்கியமாக, இந்த நோய்க்குச் சிகிச்சையான சீபேப் மெஷின் வீட்டுக்கு வந்த பிறகு நடப்பதைப் பற்றியது. பலர் சிகிச்சையைக் கைவிடுவது அங்கேதான். லட்சத்தைத் தாண்டும் விலை கொடுத்து வாங்கிய சாமான் ஒரு மாதத்தில் அலுமாரிக்கு மேலே போய்விடுகிறது. "அவருக்குப் பொறுமை இல்லை" என்று வீட்டிலும் சொல்வார்கள், கிளினிக்கிலும் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. மெஷினைக் கையில் கொடுப்பது சிகிச்சையில் பாதிதான். மாஸ்க்கைப் பொருத்திக் காட்டி, முதல் வாரங்களில் வரும் தொல்லைகளைக் கேட்டுச் சரிசெய்வது மற்றப் பாதி. அது கிடைக்காதவர் கைவிட்டால் குற்றம் அவருடையது ஆகாது.

மெஷினின் வேலை எளிமையானது. சிட்னியில் கொலின் சலிவன் என்ற டொக்டர் 1980இல் முதன்முதலாகக் காற்றழுத்தத்தால் தொண்டையைத் திறந்து வைக்கும் இந்த முறையைச் செய்து பார்த்தார், 1981இல் லான்செட் இதழில் எழுதினார். ஆரம்பகால மாஸ்க்கை ஒவ்வோர் இரவும் சிலிகோன் பசை போட்டு மூக்கில் ஒட்ட வேண்டியிருந்தது. இன்றைய சீபேப் அறைக் காற்றை வடிகட்டி, மெல்லிய அழுத்தத்தோடு மூக்கு வழியே அனுப்பி, தொண்டை மூடாமல் திறந்து வைத்திருக்கிறது. அந்த அழுத்தம் பொதுவாக 4 முதல் 20 சென்ரிமீற்றர் நீரளவு. ஒரு கிளாஸ் தண்ணீரில் ஸ்ட்ரோவை 10 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு விட்டு ஊதிப் பாருங்கள், 10 என்ற அழுத்தம் எவ்வளவு என்று விளங்கும். இது ஒட்சிசன் மெஷின் இல்லை. பழகினால் விட முடியாமல் போகும் என்று அக்கம்பக்கத்தில் சொல்வதும் பிழை. ஓரிரவு போடாவிட்டால் பழைய குறட்டையும் மூச்சுத் தடையும் திரும்பும், அவ்வளவுதான்.

முதல் இரவே எட்டு மணி நேரம் போட வேண்டும் என்று கங்கணம் கட்டாதீர்கள். பகலில் உட்கார்ந்து, டிவி பார்த்துக்கொண்டு, முதலில் மாஸ்க்கை மட்டும் முகத்தில் பிடித்துப் பழகுங்கள். பிறகு வாரைப் போட்டு மெஷினை ஓடவிட்டு அரை மணி நேரம். பகல் தூக்கம் ஒன்று. அதற்குப் பிறகு இரவு. அழுத்தம் மெதுவாக ஏறும்படி வைக்கும் வசதி பெரும்பாலான மெஷின்களில் உண்டு, அதைப் போட்டுத் தரச் சொல்லுங்கள். காற்று கசிந்தால் எல்லோரும் வாரை இறுக்குவார்கள். இறுக்க இறுக்க மூக்குத் தண்டில் புண்தான் வரும், கசிவு நிற்காது. படுத்த நிலையில், மெஷின் ஓடும்போது, மாஸ்க்கை ஒருமுறை முகத்திலிருந்து சற்றே தூக்கி விட்டால் சிலிகோன் விளிம்பு தானாக உட்காரும். முகத்தில் தேங்காய் எண்ணெயோ கிறீமோ இருந்தால் விளிம்பு வழுக்கும், சிலிகோனும் சீக்கிரம் கெடும். படுக்கும் முன் முகத்தைச் சோப்புப் போட்டுக் கழுவுவது ஒரு சின்னக் காரியம், பலன் பெரிது. வாய் திறந்து தூங்குகிறவருக்கு மூக்கு மாஸ்க் பிடிக்காது, வாயையும் மூடும் மாஸ்க் வேண்டியிருக்கலாம். வயிறு ஊதினாலும், மூச்சை வெளியே விடக் கஷ்டமாக இருந்தாலும் அழுத்தத்தை நீங்களே மாற்றாமல் டொக்டரிடம் சொல்லுங்கள். தூக்கத்தில் தெரியாமல் கழற்றி எறிவது புதிதாகப் பழகும் பலருக்கும் நடக்கிறது. விழித்ததும் திரும்பப் போட்டுக்கொண்டால் போதும்.

மெஷினோடு வரும் கையேட்டில் லயத்து வாழ்க்கை இருக்காது. 6000 அடிக்கு மேலே இருக்கும் கந்தப்பளையில் மார்கழி, தை இரவுகள் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. மெஷினின் ஈரமூட்டியிலிருந்து சூடாகக் கிளம்பும் ஈரக்காற்று, குளிர்ந்த குழாயில் போகும்போது தண்ணீராக மாறுகிறது. நடுச்சாமத்தில் குழாய் களகளவென்று சத்தம் போடும், சில்லென்று ஒரு சொட்டு மூக்குக்குள் விழும். புதிதாகப் போடுகிறவர் மெஷின் பழுது என்று பயந்து கழற்றி விடுவார். பழுதில்லை. ஈரத்தின் அளவை ஒரு படி குறையுங்கள். குழாயைத் துணியால் சுற்றுங்கள், அல்லது கம்பளிக்குள் விடுங்கள். மெஷினைப் படுக்கையைவிடத் தாழ்வாக வையுங்கள், குழாயில் சேரும் தண்ணீர் முகத்துக்கு வராமல் திரும்பி மெஷின் பக்கம் இறங்கும். தலையோடு கம்பளியை இழுத்துப் போர்த்திப் படுப்பது நம் ஆட்களின் பழக்கம். இதை மட்டும் விட வேண்டும். மாஸ்க்கில் தெரியும் சிறு துளைகள் விட்ட மூச்சு வெளியேறும் வழி, அவை மூடப்படக் கூடாது. மெஷினின் காற்று இழுக்கும் பக்கமும் அப்படித்தான். தலை குளிர்ந்தால் கம்பளித் தொப்பி போடுங்கள்.

அடுத்தது அடுப்பு. காம்பராவுக்குள்ளேயே விறகெரியும் வீட்டில் மெஷினின் வடிகட்டியைக் கழற்றிப் பாருங்கள். வெள்ளையாகப் போட்டது சில நாளில் சாம்பல் நிறமாகி, விளிம்பில் கரி படிந்து, விரலில் ஒட்டும். மெஷின் அறையில் உள்ள காற்றைத்தான் இழுக்கிறது, புகையையும் சேர்த்து. கையேடு சொல்லும் தவணைக்குக் காத்திராமல், நிறம் மாறினால் வடிகட்டியை மாற்றுங்கள். அடுப்பு அணைந்து புகை வெளியேறிய பிறகே மெஷினைப் போடுங்கள், முடிந்தவரை அடுப்பங்கரைக்கு அப்பால், தரையிலிருந்து சற்று உயர்த்தி வையுங்கள். பீலித் தண்ணீரை அப்படியே ஈரமூட்டியில் ஊற்றக் கூடாது. பார்மசியில் கிடைக்கும் காய்ச்சி வடித்த தண்ணீர்தான் சரி. அது கிடைக்காத நாளில் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர். வாகன பெட்டரிக் கடைத் தண்ணீர் போத்தல் பக்கமே போக வேண்டாம், அங்கே அசிட்டும் அதேபோன்ற போத்தலில் இருக்கும். மிச்சத் தண்ணீரைக் காலையில் கொட்டி, பாத்திரத்தையும் மாஸ்க்கையும் சோப்புத் தண்ணீரில் கழுவி நிழலில் காயவிடுங்கள்.

மின்வெட்டும் உண்டு. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்சாரம் இல்லாமல் இருந்ததை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். அப்படி இல்லாவிட்டாலும் காற்றிலும் மழையிலும் மரம் விழுந்து கம்பி அறுந்தால் தோட்டத்துக்கு வெளிச்சம் திரும்ப நேரமாகும். மெஷின் நின்றால் மாஸ்க்கைக் கழற்றிவிட வேண்டும். நல்ல மாஸ்க்கில் மூச்சு முட்டாமல் இருக்க வால்வு உண்டு, ஆனாலும் போட்டபடி படுக்கக் கூடாது. அந்த இரவைத் தலையை உயர்த்தி ஒருக்களித்துப் படுத்துக் கடத்தலாம். வசதியுள்ளவர்கள் அந்த மெஷினுக்கென்றே உள்ள பெட்டரியை வாங்கலாம். ஈரமூட்டியை நிறுத்திவிட்டால் அது அதிக நேரம் ஓடும். இன்னொன்று: புதிய மெஷின்கள் மலை உயரத்துக்குத் தாமே அழுத்தத்தைச் சரிசெய்துகொள்ளும். பழையவற்றில் உயரத்தைக் கையால் பதிய வேண்டும். கொழும்பில் வாங்கினால் கந்தப்பளையில் இருப்பதைச் சொல்லுங்கள்.

எவ்வளவு நேரம் போட்டால் பலன்? தூங்கும் நேரம் முழுவதும் என்பதே சரியான பதில். 2016இல் வெளியான சேவ் என்ற பெரிய ஆய்வில் இதய, மூளை இரத்தக்குழாய் நோயுள்ள 2717 பேர் இருந்தார்கள். சீபேப் போட்டவர்கள் சராசரியாக இரவுக்கு 3.3 மணி நேரம்தான் போட்டார்கள். மாரடைப்போ பக்கவாதமோ அவர்களிடம் குறையவில்லை. ஆனால் பகல் தூக்கமும் குறட்டையும் குறைந்தன, மனநிலை தேறியது, வேலைக்குப் போகாத நாட்கள் குறைந்தன. மெஷின் எல்லா நோயையும் துடைத்துவிடும் என்று விற்பவர் சொன்னால் நம்ப வேண்டாம். பிரஷர் மருந்தையும் நிறுத்த வேண்டாம்.

வெளிநாட்டிலுள்ள சொந்தக்காரர் அனுப்பும் பழைய மெஷின் பற்றி எச்சரிக்கை தேவை. பிலிப்ஸ் நிறுவனம் 2021 ஜூனில் தன் மூச்சு மெஷின்களைப் பல மில்லியன் கணக்கில் திரும்பப் பெற்றது. சத்தத்தைக் குறைக்க உள்ளே வைத்த பஞ்சு உதிர்ந்து, துகளும் வாயுவும் மூச்சோடு போகக்கூடும் என்பது காரணம். 2021 ஏப்ரல் 26க்கு முன் தயாரான முதல் தலைமுறை டிரீம்ஸ்டேஷன் வகை மெஷின் அதில் அடங்கும். அன்போடு அனுப்பியது என்பதற்காகப் போடாதீர்கள், தொடர் இலக்கத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். சில மாஸ்க்குகளின் கொளுக்கியில் காந்தம் இருக்கிறது. பேஸ்மேக்கர் வைத்தவரும், அவர் பக்கத்தில் படுப்பவரும் அதைத் தவிர்க்க வேண்டும். பழைய மெஷினில் இன்னொருவருக்குக் குறித்த அழுத்தமும் உங்களுக்குப் பொருந்தாது.

உரிமை என்று பார்த்தால், தூக்கப் பரிசோதனை செய்யாமல் யாரும் உங்களுக்கு மெஷின் விற்க முயலக் கூடாது. தோட்ட டிஸ்பென்சரியிலோ பக்கத்து அரச வைத்தியசாலையிலோ கடிதம் வாங்கி நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலைக்குப் போகலாம். அங்கிருந்து கண்டி தேசிய வைத்தியசாலைக்கோ வெலிசறை தேசிய சுவாச நோய் வைத்தியசாலைக்கோ அனுப்பக்கூடும். கிளினிக் போகும் நாளில் பேர், அதாவது அன்றைய கூலி, போகும் என்பது உண்மை. அதனால்தான் ஒரே பயணத்தில் கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டுவர வேண்டும்: மணிக்கு எத்தனை தடை, எவ்வளவு அழுத்தம், எந்த மாஸ்க், அடுத்து எப்போது வர வேண்டும். ரிப்போர்ட்டின் பிரதியைக் கேளுங்கள். அரச அலுவலகத்தில் தமிழில் பேசவும் பதில் பெறவும் அரசியலமைப்பின் 4ஆம் அத்தியாயம் உரிமை தருகிறது. விளங்காத மொழியில் சொன்னதற்குத் தலையாட்டிவிட்டு வராதீர்கள்.

கடையில் வாங்குகிறவர்கள், 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டப்படி தேசிய ஔடத ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையில் அந்தச் சாதனம் பதிவானதா என்று கேளுங்கள். பில், உத்தரவாதப் பத்திரம், மாஸ்க் பொருந்தாவிட்டால் மாற்றித் தருவோம் என்ற வாக்குறுதி மூன்றும் எழுத்தில் வேண்டும். ஏமாற்றப்பட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம். அரச வைத்தியசாலையில் இரவல் மெஷின் உண்டா, காத்திருப்போர் எத்தனை பேர் என்று வாயால் கேட்டுப் பதில் வராவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கேளுங்கள். தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மருத்துவச் செலவுக்கு ஜனாதிபதி நிதியம் உதவுகிறது. சீபேப் அதில் வருமா என்று பிரதேச செயலகத்தில் வைத்தியரின் கடிதத்தோடு விசாரியுங்கள்.

சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்திருந்தால், மயக்க மருந்து கொடுக்கும் டொக்டரிடம் இந்த நோய் இருப்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். மயக்க மருந்தும் பலமான வலி மருந்தும் தொண்டையை மேலும் தளர்த்தும், விழித்த பிறகும் ஆபத்து உண்டு. வார்டில் படுக்கும்போது மெஷினையும் மாஸ்க்கையும் கொண்டுபோங்கள். கிளினிக் நாளிலும் மெஷினை, முடியாவிட்டால் அதிலுள்ள சின்ன மெமரி கார்டையாவது எடுத்துச் செல்லுங்கள். எந்த இரவில் எத்தனை மணி நேரம் போட்டீர்கள், எவ்வளவு காற்று கசிந்தது, எத்தனை தடை மிச்சமிருக்கிறது என்று அதில் பதிவாகியிருக்கும்.