பாலகாட்டுக்கு ஒரு மோரிஸ் கார்: பழங்காருடன் நாடு மாற விரும்புவோர் கவனத்திற்கு

கோலார் தங்கவயலின் வடகோடியில் உள்ளது பாலகாட். ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் நிறுவனம் 1880-இல் இப்பகுதியில் தடம் பதித்தபின் வளர்ந்த சுரங்கங்களுள் பாலகாட்டும் ஒன்று. நந்திதுர்க்கம், உரிகம், சாம்பியன் ரீஃப், மைசூர் ஆகிய சுரங்கங்களோடு சேர்த்துச் சொல்லப்பட்ட பெயர் அது. 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்த ஊர் இது. 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. பிள்ளைகள் பெங்களூருக்குத் தொடர்வண்டியில் வேலைக்குச் சென்றனர். இன்னும் சிலர் அதற்கு முன்பே கடல் கடந்திருந்தனர். அவ்வாறு சென்றவர்களுள் ஒருவர் சென்ற ஆண்டு நாம் பணிபுரிந்த கிளைக்கு வந்தார். அவர் கேட்ட கேள்வி வேறு பலருக்கும் எழக்கூடியது என்பதால் அதனை இங்குப் பகிர்ந்துகொள்கிறோம்.

அவர் பிறந்தது பாலகாட் லைன் வீட்டில். தந்தையார் சுரங்க அலுவலகத்தில் எழுத்தர். சுரங்க அதிகாரி ஒருவரின் மோரிஸ் மைனர் கார் சயனைடு மண்குன்றுகளின் ஓரமாகச் செல்வதைப் பள்ளிக்கூடம் போகும் வழியில் நின்று பார்த்தவர். இங்கிலாந்தில் வேலைக்குச் சேர்ந்து பல ஆண்டுகள் கழித்து, 1966-ஆம் ஆண்டு தயாரான ஒரு மோரிஸ் மைனரைப் பழுதடைந்த நிலையில் வாங்கி, விடுமுறை நாள்தோறும் தாமே உழைத்து ஓடவைத்தார். இப்போது பணி ஓய்வு பெற்றுத் துணைவியாருடன் ஊர் திரும்ப முடிவு செய்திருந்தார். காரையும் உடன் கொண்டுவர வேண்டும் என்பது அவர் விருப்பம்.

நம்மிடம் அவர் வந்தது ஆலோசனை கேட்க அன்று. நம் கிளையில் இருந்த என்.ஆர்.ஓ. கணக்கின் வைப்புத்தொகையை முதிர்வுக்கு முன்பே முடித்து, கப்பல் முகவர் ஒருவருக்கு முன்பணம் அனுப்ப வேண்டும் என்று விண்ணப்பத்தோடு வந்தார். “வீட்டுச் சாமான்களோடு காரும் வரும் சார். குடிபெயர்ந்து வருபவருக்குச் சுங்கவரிச் சலுகை உண்டு என்று முகவர் சொல்லிவிட்டார்” என்றார். துணைவியார் மட்டும், “அதைக் கொண்டுவந்து எங்கே ஓட்டப்போகிறீர்கள் என்று கேட்டால் பதில் சொல்லமாட்டார் சார்” என்று சிரித்தார். ஒரு நாள் பொறுக்குமாறு கேட்டுக்கொண்டோம். அந்த ஒரு நாளில் நாம் படித்தறிந்தவை இவை.

கார் ‘உடைமை’ அன்று

குடிபெயர்ந்து வருவோர் தாம் பயன்படுத்திய வீட்டுப் பொருள்களைச் சலுகையுடன் கொண்டுவரலாம் என்பது உண்மை. ஆனால் 1962-ஆம் ஆண்டின் சுங்கச் சட்டம் ‘உடைமை’ என்னும் சொல்லுக்கு விளக்கம் தரும் இடத்திலேயே மோட்டார் வாகனத்தை அதிலிருந்து விலக்கிவிடுகிறது. ஆகவே நாற்காலிக்கும் குளிர்சாதனப் பெட்டிக்கும் கிடைக்கும் சலுகை காருக்குக் கிடையாது. எத்தனை ஆண்டுகள் வெளிநாட்டில் வாழ்ந்திருந்தாலும் கார் தனி இறக்குமதிச் சரக்கே ஆகும்.

பயன்படுத்திய காரை இறக்குமதி செய்ய வெளிநாட்டு வணிகக் கொள்கை வகுத்துள்ள நிபந்தனைகளும் எளியவை அல்ல. தயாரித்து மூன்றாண்டுகளுக்கு மேற்படாததாக இருக்க வேண்டும். ஓட்டுநர் இருக்கை வலப்புறம் இருக்க வேண்டும். வேகமானி கிலோமீட்டரில் காட்ட வேண்டும். சாலைத் தகுதிச் சான்று வேண்டும். இத்தகைய வாகனம் மும்பைத் துறைமுகம் வழியாகவே வர வேண்டும்.

அப்படியானால் பழங்கார் வரவே முடியாதா? வரலாம். முன்பு 1950 ஜனவரி 1-க்கு முன் தயாரான வாகனங்களுக்கு மட்டுமே தனி வழி இருந்தது. 2025-இல் இந்த வரம்பு தளர்த்தப்பட்டு, ஐம்பது ஆண்டு நிறைந்த வாகனங்களைச் சொந்தப் பயன்பாட்டுக்குக் கொண்டுவர இடமளிக்கப்பட்டது. நம் வாடிக்கையாளரின் 1966-ஆம் ஆண்டுக் கார் இதனுள் அடங்கும்.

இங்கே ஓர் உண்மையைக் கவனிக்க வேண்டும். மூன்று வயதுக்கு மேல், ஐம்பது வயதுக்குள் இருக்கும் கார் இரண்டு வழிகளிலும் சேராது. 1985-இல் தயாரான ஒரு காரைப் பொன்போல் காத்து வைத்திருந்தாலும் இன்றைய விதிகளின்படி அது பொதுவாக இந்தியாவுக்குக் குடிபெயர முடியாது. வளைகுடாவிலும் மலேசியாவிலும் பழங்கார் வைத்திருக்கும் நம்மவர் பலருக்கு இது தெரிவதில்லை.

வரியின் கணக்கு

அனுமதி கிடைப்பதும் வரிவிலக்குக் கிடைப்பதும் வெவ்வேறு. ஐம்பது வயதான காருக்கும் வரி உண்டு. வரிவிகிதம் நிதிநிலை அறிக்கைதோறும் மாறக்கூடும். எனினும் வெளிநாட்டில் முழுமையாகத் தயாரான பயன்படுத்திய காருக்கு எல்லா வரிகளும் சேர்ந்து காரின் மதிப்பைவிட மிகுதியாகவே இருந்து வந்துள்ளன.

ஒரு மாதிரிக் கணக்கைப் பார்ப்போம். காரின் மதிப்பு 8 இலட்சம் ரூபாய் என்போம். கப்பல் கட்டணமும் காப்பீடும் 3 இலட்சம். சுங்க அலுவலர் வரி விதிப்பது 8 இலட்சத்தின் மீது அன்று, இரண்டும் சேர்ந்த 11 இலட்சத்தின் மீது. சுங்கவரியை நூற்றுக்கு நூறு என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும் கணக்கு 22 இலட்சத்தைத் தொடும். சரக்கு மற்றும் சேவை வரி அந்த 22 இலட்சத்தின் மீது கணக்கிடப்படும். துறைமுகக் கட்டணம், முகவர் கூலி, ஊர்வரை லாரி வாடகை ஆகியவை தனி. ஆவணக் குறைபாட்டால் கொள்கலன் துறைமுகத்திலேயே நின்றுவிட்டால் நாள்தோறும் டெமரேஜ் ஏறும்.

மதிப்பு என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. நம் வாடிக்கையாளர் காரை வாங்கியபோது கொடுத்த தொகை சிறியது. அந்தப் பழைய இரசீதைப் பத்திரமாக வைத்திருந்தார். ஆனால் துரும்பெடுத்த தகடாக வாங்கியதன் விலையும், செப்பனிட்டு ஓடும் நிலையில் உள்ளதன் இன்றைய மதிப்பும் ஒன்றல்ல. பொறியாளர் மதிப்பீட்டின் அடிப்படையில் சுங்கத் துறை இன்றைய மதிப்பைக் கேட்கும். அவருடைய இருபது ஆண்டு உழைப்புக்கும் சேர்த்தே வரி என்று சொல்ல வேண்டியிருந்தது. அதைக் கேட்டு அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

ஓட்டலாமா?

துணைவியார் கேட்ட கேள்விக்கு 2021 ஜூலையில் வெளியான மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தம் பதில் தருகிறது. ஐம்பது ஆண்டைக் கடந்து, பெரிய மாற்றமின்றி மூல வடிவில் உள்ள, வணிகப் பயன்பாடற்ற இருசக்கர, நான்கு சக்கர வாகனங்கள் ‘விண்டேஜ்’ வாகனங்களாகப் பதியப்படும். புதிய பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். பதிவு பத்தாண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் மறுபதிவுக்கு 5,000 ரூபாய். இறக்குமதியான வாகனமெனில் விண்ணப்பத்துடன் காப்பீட்டுச் சான்றும் சுங்கத்தின் இறக்குமதிப் பட்டியலும் இணைக்கப்பட வேண்டும். தங்கவயலில் நாம் பார்த்துப் பழகிய ‘கேஏ 08’ எண் அதற்கு வராது. மாநில எழுத்துகளுக்குப் பின் ‘விஏ’ என்றும், அதன்பின் ஈரெழுத்து வரிசையும் எண்ணும் வரும்.

இவ்வாறு பதிந்த வாகனத்தை அன்றாடம் ஓட்டக் கூடாது. கண்காட்சி, விண்டேஜ் பேரணி, தொழில்நுட்ப ஆய்வு, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு ஆகியவற்றுக்காக மட்டுமே சாலைக்குக் கொண்டுவரலாம். நாள்தோறும் மாலையில் பாலகாட் வரை சென்று திரும்ப வேண்டும் என்பதே நம் வாடிக்கையாளரின் எண்ணம். அதற்கு விதி இடம் தரவில்லை.

இங்கிருந்து செல்லும் கார்

எதிர்த்திசையிலும் கேள்விகள் வருகின்றன. தந்தையார் விட்டுச்சென்ற காரைப் பிள்ளைகள் தாம் குடியேறிய நாட்டுக்குக் கொண்டுசெல்ல விரும்புவர். முதலில், பழங்கார்களை ஏற்றுமதி செய்வதற்கு நம் நாட்டிலும் கட்டுப்பாடு உண்டு. வெளிநாட்டு வணிகத் தலைமை இயக்குநரகத்திடம் முன்கூட்டியே கேட்டறிய வேண்டும்.

சேருமிடத்து விதிகள் நாட்டுக்கு நாடு வேறுபடும். பிரிட்டனில் குடியேறுவோர், அந்நாட்டுக்கு வெளியே குறைந்தது பன்னிரண்டு மாதம் வாழ்ந்து, காரை ஆறு மாதமாவது சொந்தமாக வைத்துப் பயன்படுத்தியிருந்தால், குடிபெயர்வுச் சலுகையில் வரியின்றிக் கொண்டுசெல்ல விண்ணப்பிக்கலாம். பின்னர் ஓராண்டுக்குள் அதனை விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது. அமெரிக்காவின் வாகனப் பாதுகாப்புத் தர விதிகளிலிருந்து இருபத்தைந்து ஆண்டு கடந்த காருக்கு விலக்கு உண்டு. கனடாவில் இந்த வரம்பு பதினைந்து ஆண்டு.

ஆஸ்திரேலியா செல்வோர் மிகுந்த எச்சரிக்கையோடு இருக்க வேண்டும். கப்பலேற்றும் முன்பே வாகன இறக்குமதி அனுமதி பெற வேண்டும். அந்நாட்டில் 2003 டிசம்பர் 31 முதல் ஆஸ்பெஸ்டாஸ் முற்றிலும் தடை செய்யப்பட்டுள்ளது. பழங்கார்களின் பிரேக் லைனிங், கிளட்ச், கேஸ்கெட் ஆகியவற்றில் அது இருப்பது வழக்கம். அவற்றை அகற்றியதற்கான சான்று இல்லையெனில் கார் துறைமுகத்திலேயே தடுக்கப்படும். காரின் அடிப்புறத்தில் ஒட்டிய மண்ணுக்கும் அங்கே அனுமதியில்லை. கோலார்ச் செம்மண்ணை முழுதும் கழுவிய பின்னரே அனுப்ப வேண்டும்.

இடைவழி ஒன்று

மறுநாள் வந்த வாடிக்கையாளரிடம் இவற்றையெல்லாம் சொன்னோம். அவர் முகம் வாடியது. அப்போது ‘கார்னே’ என்னும் ஆவணத்தைப் பற்றியும் கூறினோம்.

கார்னே என்பது வாகனத்துக்கான கடவுச்சீட்டு போன்றது. வெளிநாட்டில் வாழ்பவர் ஒருவர் தம் வாகனத்துடன் தற்காலிகமாக வந்து, ஆறு மாதத்துக்குள் அதனைத் திருப்பிக் கொண்டுசெல்வதாக இருந்தால், இந்த ஆவணத்தின்மீது வரி கட்டாமல் உள்ளே வரலாம். அந்தந்த நாட்டின் அங்கீகரிக்கப்பட்ட மோட்டார் வாகனச் சங்கம் இதனை வழங்கும். நம் நாட்டிலிருந்து செல்வோருக்கு மும்பையிலுள்ள மேற்கிந்திய ஆட்டோமொபைல் சங்கம் வழங்கி வருகிறது.

வங்கிக்கு இதில் பங்கு உண்டு. வாகனம் திரும்பாவிட்டால் சுங்கத் துறை வரியைச் சங்கத்திடம் கேட்கும். ஆகவே சங்கம் முன்கூட்டியே விண்ணப்பதாரரிடம் ரொக்கப் பிணையோ வங்கி உத்தரவாதமோ பெறும். செல்லும் நாட்டின் வரி உயர்ந்திருந்தால் பிணைத் தொகையும் உயரும். உள்ளே வந்தபோதும் வெளியேறும்போதும் உரிய பக்கங்களில் சுங்க முத்திரை பெறுவது இன்றியமையாதது. வெளியேறும் முத்திரை விடுபட்டால், கார் ஊர் போய்ச் சேர்ந்திருந்தாலும் பிணைத் தொகை சிக்கிக்கொள்ளும். நிரந்தரமாகத் திரும்பிவிட்டவருக்கு இவ்வழி பொருந்தாது. குடிபெயர்வதற்கு முன்பே செய்துகொள்ள வேண்டிய பயணம் இது.

பணம் அனுப்பும் முன்

எனவே வாடிக்கையாளர்கள் முன்பணம் அனுப்புவதற்கு முன் கீழ்க்கண்டவற்றைச் சரிபார்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

1. காரின் தயாரிப்பு ஆண்டுக்கும் சேசிஸ் எண்ணுக்கும் உரிய சான்று கையில் உள்ளதா? பதிவுச் சான்று உங்கள் பெயரிலேயே உள்ளதா?

2. உரிம நிபந்தனையையும் இறக்கும் துறைமுகத்தையும் அரசுத் துறையிடமிருந்தோ உரிமம் பெற்ற சுங்கத் தரகரிடமிருந்தோ எழுத்து மூலம் பெற்றீர்களா? வாய்ச்சொல் போதாது.

3. முகவர் தரும் தொகைப் பட்டியலில் சேருமிடத்து வரியும் துறைமுகக் கட்டணமும் அடங்குமா, அடங்காதா?

4. கடல்வழிக் காப்பீடு கார் முற்றிலும் அழிந்தால் மட்டும் ஈடு தருமா, கீறலுக்கும் நொறுங்கலுக்கும் தருமா? பழங்காருக்கு மதிப்பை முன்பே ஒப்புக்கொண்ட பாலிசி நல்லது.

5. இந்தியாவில் வாழ்பவர் வெளிநாட்டில் கார் வாங்கிப் பணம் அனுப்பினால் அது இறக்குமதிக்கான பணம். சரக்கு வந்ததற்கான சுங்கப் பட்டியலை வங்கியில் தர வேண்டும்.

6. நாடு திரும்புவோர் என்.ஆர்.இ., என்.ஆர்.ஓ. கணக்குகளைத் தகுதி மாற்றிக்கொள்ள வேண்டும். அயல்நாட்டுச் சேமிப்பை ஆர்.எஃப்.சி. கணக்கில் வெளிநாட்டு நாணயமாகவே வைத்திருக்கலாம். கார் ஆசைக்காக அவசரமாக ரூபாயாக மாற்ற வேண்டியதில்லை.

நம் வாடிக்கையாளர் வைப்புத்தொகையை முடிக்கவில்லை. ஓய்வுக்காலத்து மருத்துவச் செலவுக்கென ஒதுக்கிய தொகை அது என்று துணைவியார் பின்னர்த் தெரிவித்தார். குடிபெயர்வை ஆறு மாதம் தள்ளிவைத்து, அதற்கு முன் கார்னேயில் காரைக் கொண்டுவருவது என்றும், திரும்பிச் சென்றபின் அங்கேயே வாழும் மகளிடம் காரை ஒப்படைப்பது என்றும் இருவரும் முடிவு செய்தனர். பிணைத் தொகைக்கு இங்கிலாந்திலுள்ள அவர்களது வங்கி ஏற்பாடு செய்து வருகிறது.

கிளையிலிருந்து புறப்படும் முன் நம் வங்கியின் நாட்காட்டி ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டார் அந்த அம்மையார். கார் திரும்ப வேண்டிய கடைசி நாளைச் சிவப்பு மையால் வட்டமிட்டு வைப்பதற்காம். “இவர் பாலகாட்டில் காரை நிறுத்திவிட்டு நேரத்தை மறந்துவிடுவார்” என்றார். அவர் மறுக்கவில்லை.