அரை மில்லிமீட்டர் கொம்பு

ஏடு எழுதிய நாட்களில் எழுத்தாணியில் பல வகை இருந்தன. அவற்றுள் மடக்கெழுத்தாணியின் அமைப்பு நுட்பமானது. ஓலையில் கீற ஊசிமுனை, ஓலையை வார ஒரு கத்தி. இரண்டும் பிடிக்குள் மடங்கிவிடும். அந்தப் பிடியை மரத்திலும் தந்தத்திலும் மாட்டுக்கொம்பிலும் செய்தார்கள் என்பதை உ. வே. சாமிநாதையர் ‘என் சரித்திரம்’ நூலில் பதிந்திருக்கிறார். பனையோலையே தாளாக இருந்த யாழ்ப்பாணத்தில், சிறுப்பிட்டியில் பிறந்து 1887இல் கலித்தொகையை அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளை தேடித் திரிந்த ஏடுகள் எல்லாம் எழுத்தாணி கீறியவைதான்.

பழைய சவரக்கத்தியின் பிடியும் இதே குடும்பம். இரண்டு கொம்புத் தகடுகள், நடுவில் மடங்கும் அலகு, ஒரு முனையில் அலகு சுழலும் ஆணி, மறுமுனையில் தகடுகளை விலக்கி நிறுத்தும் சிறிய ஆப்பு. இப்படியொரு பிடியைக் கையால் செய்பவர் முதலில் தீர்மானிக்க வேண்டியது தகட்டின் தடிப்பு. இரண்டு மில்லிமீட்டரா, இரண்டரையா?

கண்ணுக்கு இந்த வேறுபாடு அற்பம். பொருளுக்கு அப்படியல்ல. 15 சென்ரிமீட்டர் நீளமும் 1.3 சென்ரிமீட்டர் அகலமும் கொண்ட ஒரு சோடித் தகடு, இரண்டு மில்லிமீட்டரில் ஏறக்குறைய 10 கிராம், இரண்டரையில் 12.7 கிராம். எடை கால்பங்குதான் கூடுகிறது. ஆனால் வளையாமல் நிற்கும் விறைப்பு கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிவிடுகிறது! காரணம், விறைப்பு தடிப்பின் மூன்றாம் அடுக்கில் ஏறுகிறது. தகடு வளையும்போது ஒரு முகம் இழுபடும், எதிர்முகம் நெரிபடும், நடுப்படை சும்மா கிடக்கும். தடிப்பைக் கூட்டினால் பொருள் கூடுகிறது. முகங்கள் நடுவிலிருந்து விலகுவதால் அதே வளைவுக்கு இன்னும் அதிகமாக இழுபடுகின்றன. அந்த இழுவைக்கு நெம்புகோலின் நீளமும் கூடுகிறது. மூன்றும் ஒன்றையொன்று பெருக்குகின்றன. எனக்கு இது பொறியியலின் மிக அழகான கணக்குகளில் ஒன்று.

இனி ஈரம். கொம்பு, நகத்தையும் முடியையும் போலக் கெரற்றினால் ஆனது; நீரை உறிஞ்சும், உறிஞ்சினால் இளகும். ஆபிரிக்க ஓரிக்ஸ் மானின் கொம்பை ஆராய்ந்து கிச்சனர், வின்சென்ற் என்ற இருவர் 1987இல் வெளியிட்ட அளவுகளின்படி, உலர்ந்த கொம்பின் விறைப்பு 6.1 ஜிகாபாஸ்கல், முற்றாக நனைந்தால் 1.8. எருமைக் கொம்பில் எண்கள் மாறலாம், போக்கு ஒன்றுதான். கடல் சூழ்ந்த யாழ்ப்பாணக் குடாநாட்டில், ஐப்பசி கார்த்திகை மழையில் காற்றே ஈரமாக இருக்கும்போது கொம்பும் சிறிது தளர்ந்துதான் இருக்கும். நீர் உள்ளே ஊற எடுக்கும் நேரமோ தடிப்பின் வர்க்கத்தில் கூடுகிறது. அந்த அரை மில்லிமீட்டர், நேரத்தை ஒன்றரை மடங்குக்கு மேலாக்கிவிடும். ஒரு முகம் மட்டும் நனைந்தால் அது உப்பித் தகடு கோணும். கோணிய தகடு அலகின் விளிம்பில் உரசினால் கூர் போய்விடும். துடைக்காமல் மடக்கிய கத்திக்கு நேர்வது இதுதான்.

அப்படியானால் நான்கு மில்லிமீட்டர் வைத்தால் என்ன? ஆப்பு விலக்கும்போது தகடு மெல்ல வளைந்து கொடுத்தால்தான் அலகுக்கு இடமும் இறுக்கமும் சேர்ந்து கிடைக்கும். நான்கு மில்லிமீட்டரின் விறைப்பு இரண்டரையினுடையதைப் போல நாலு மடங்கு. வளைய மறுக்கும் தகடு தன் பலம் முழுவதையும் ஆணித் துளைகளில் காட்டும். கொம்பின் நார்கள் நீளவாக்கில் ஓடுவதால் துளையில் தொடங்கும் வெடிப்பு அந்த வழியே நீளும். பிடியின் பாரமும் கையில் தெரியும்.

என் தீர்ப்பு இரண்டரை மில்லிமீட்டர். நாரின் போக்கிலேயே தகட்டை அறுக்க வேண்டும். கைக்கு மெல்லியதாக வேண்டுமென்றால் முழுத் தகட்டையும் தேய்க்காமல் ஓரங்களை மட்டும் சரித்துச் சீவுங்கள். நடுவின் தடிப்பு அப்படியே நிற்கும்.

வீட்டுப் பெட்டகத்தில் கொம்புப் பிடி போட்ட பழைய மடக்கெழுத்தாணியோ சவரக்கத்தியோ இருந்தால் அதைச் சுடுநீரில் கழுவாதீர்கள், வெயிலில் காயப் போடாதீர்கள். வெந்நீரின் சூட்டில் கொம்பு இளகி உருமாறும். உலர்ந்த துணியால் துடைத்து, நிழலில், காற்றுப்படும் இடத்தில் வையுங்கள்.