எழுபத்திரண்டு கைகள்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் செல்லும் பெருஞ்சாலையில் விடியற்காலையில் தொழிற்சாலைப் பேருந்துகள் வரிசையாகச் செல்வதை நம் அங்கத்தினர்கள் நன்கறிவர். காஞ்சி வட்டாரத்து நெசவாளர், உழவர் வீட்டுப் பிள்ளைகள் பலர் அவற்றில் வேலைக்குச் செல்கின்றனர். அங்கே ஒரு மோட்டார் கார் பல கைகள் மாறியே முழு உருப்பெறுகிறது. ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் தொடரும் இம்முறை இயந்திர யுகத்தில் பிறந்தது என்று எண்ணுவோர் உண்டு. சீன தேசத்தின் பழைய கலைப் பொருள்களின் வரலாற்றை அறிந்தோர் அவ்வாறு எண்ணார்.

அத்தேசத்தில் ஜிங்டெஜென் என்னும் ஊர் பீங்கானுக்குப் பெயர்பெற்றது. வெண்களிமண்ணையும் ஒருவகை வெண்கல்லின் தூளையும் சேர்த்துப் பிசைந்து, சுமார் 1300 டிகிரி வெப்பத்தில் சுட்டெடுத்த அக்கலங்கள் தட்டினால் மணிபோல் ஒலிக்கும்; மெல்லியவற்றை வெளிச்சத்தில் பிடித்தால் ஒளி ஊடுருவும். அவற்றின் நீலப் பூக்கள் கோபால்ட் என்னும் தாதுப்பொடியால் வரையப்பட்டு, மேலே கண்ணாடிப் பூச்சிட்டுச் சுடப்பட்டவை; ஆதலின் நூற்றாண்டுகள் கழிந்தும் அழிவதில்லை. ஒரு கலம் நிறைவுற எழுபத்திரண்டு கைகளைக் கடக்க வேண்டும் என்று 1637ஆம் ஆண்டில் வெளியான தம் தொழில்நூலில் ஸாங் யிங்சிங் என்பவர் கணக்கிட்டிருக்கிறார். மண் பிசைபவர் ஒருவர். சக்கரம் சுற்றுபவர் ஒருவர். கோடு வரைபவர் ஒருவர். வண்ணம் நிரப்புபவர் மற்றொருவர்.

அரக்கு வேலையும் இத்தகையதே. ஒருவகை மரத்தைக் கீறி வடித்த பாலை மரப்பெட்டியின்மேல் மெல்லப் பூசுவர். ஒரு பூச்சு உலர்ந்த பின்னரே அடுத்தது. இவ்வாறு பற்பல பூச்சுகள் ஏறித் தடித்த பின்பே உளி கொண்டு மலரும் மலையும் செதுக்குவர். பீங்கானுக்கு மண் வெட்டுபவரைப் போலவே இதற்கு மரம் வளர்ப்பவரும் முதற் கலைஞர் எனலாம். பட்டிலோ முசுக்கொட்டை பயிரிடும் உழவரே முதல்வர்.

இப்பொருள்கள் நமக்கு அயலானவை அல்ல. இராமநாதபுரக் கரையிலுள்ள பெரியபட்டினத்திலும், சோழர் தலைநகரான கங்கைகொண்ட சோழபுரத்திலும் சீனப் பீங்கான் ஓடுகள் மண்ணிலிருந்து கிடைத்துள்ளன. காஞ்சிக் கைலாசநாதர் கோயிலை எழுப்பிய பல்லவ மன்னன் இராசசிம்மன் கி.பி. 720இல் சீனப் பேரரசரிடம் தூது அனுப்பினான். அத்தூதருக்குப் பூவேலைப் பட்டு அங்கியும் பொன் அரைக்கச்சையும் பரிசாக அளிக்கப்பட்டன என்று சீன நூல்கள் குறிக்கின்றன. இன்று பட்டுக்குப் புகழ்பெற்ற ஊரின் வேந்தனுடைய தூதர் அன்று சீனப் பட்டை அணிந்தார்!

அச்சீனப் பட்டுத் தொழிலின் ஒரு கிளை நான்கிங் நகரில் இன்றும் நடைபெறுகிறது. உயர்ந்த தறியின் மேலே ஒருவர் அமர்ந்து பூவுக்குரிய கயிறுகளை இழுக்க, கீழே மற்றவர் நாடா விடுகிறார். நாள் முழுதும் உழைத்தாலும் சில அங்குலமே வளரும். 2009இல் யுனெஸ்கோ இதனை மானிடப் பாரம்பரியக் கலைகளுள் ஒன்றாக ஏற்றது. ஜக்கார்டு பெட்டி வருமுன் காஞ்சியில் வழங்கிய அடை முறைக்கும் இவ்வாறே உடன் ஓர் ஆள் வேண்டியிருந்தது. கோர்வைச் சேலைக்கோ இன்றும் வேண்டும். உடலும் கரையும் வெவ்வேறு நிறமாய்ப் பிணைய மூன்று நாடாக்கள் ஓடுகின்றன. ஓரத்து நாடாவை வாங்கி விட ஒருவர் பக்கத்தில் இருந்தாக வேண்டும்.

அந்த இரண்டாவது ஆளைக் குறித்தே நாம் இக்கட்டுரையை எழுதப் புகுந்தோம். முன்னாளில் அவ்விடத்தில் சிறுவரை அமர்த்தினர். அவர்கள் பள்ளிக்குச் சென்றது நன்மையே. ஆனால் அவ்விடத்துக்கு வர வயது வந்தோர் இன்று அரிதாகிவிட்டனர். மாதச் சம்பளம் தரும் தொழிற்சாலையை நாடுவோரைக் குறை கூறுவது நியாயமன்று. துணை ஆளின்றிக் கோர்வையைக் கைவிட்ட தறிகள் பல.

ஜிங்டெஜெனில் வழங்கும் கதை ஒன்றுண்டு. அரண்மனைக்கு வேண்டிய பெரிய தொட்டிகள் சூளையில் மீண்டும் மீண்டும் வெடித்தன. அதிகாரிகள் தொழிலாளரை வாட்டினர். பொறாத டோங் பின் என்னும் தொழிலாளி சூளைத் தீயில் பாய்ந்து உயிர் துறந்தானாம். அவனையே பின்னர் அவ்வூரார் சூளைத் தெய்வமாக வணங்கினர். அழகிய கலத்தை வியப்போர் அதனைச் செய்த கையையும் நினைக்க வேண்டும் என்பதே இதன் கருத்து.

ஆகவே, நம் கூட்டுறவுச் சங்கங்களுக்கு ஒன்று கூற விரும்புகிறோம். சேலைக்குக் கூலி நிர்ணயிக்கும்போது, நெய்பவர் தம் கூலியிலிருந்து துணையாளுக்குப் பங்கிடட்டும் என்று விட்டுவிடலாகாது. துணையாளின் பெயரும் சங்கக் கணக்கில் தனியே ஏற வேண்டும். கூலியும் தனியே சேர வேண்டும். எழுபத்திரண்டு கைகளில் ஒன்று விலகினாலும் அக்கலம் நிறைவுற்றிராது. நம் கோர்வைக்கு வேண்டியவை இரண்டே பேர் கைகள். அவற்றில் ஒன்றை நாம் இழக்கலாமா?