ஹாம்ஸ்டரின் படுக்கை மணக்கலாமா?

பென்சிலைச் சீவும்போது சுருள் சுருளாக விழும் சீவலை மூக்கருகே வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு காலத்தில் அமெரிக்கச் செஞ்சிடார் மரத்தில் ஏராளமான பென்சில்களைச் செய்தார்கள். அதைச் சீவினால் கம்மென்று மணக்கும். அந்த மணத்துக்காகவே, ஹாம்ஸ்டரும் எலியும் வளர்ப்பவர்கள் பலர் சிடார் மரச்சீவலைக் கூண்டில் பரப்பினார்கள். சிறுநீர் நாற்றம் தெரியாது, பூச்சியும் அண்டாது. நல்ல ஏற்பாடு என்று தோன்றுகிறதல்லவா? ஆனால், கூண்டுக்குள் இருக்கும் பிராணிக்கு அது நல்லதா என்று பார்க்க வேண்டாமா?

1967-ஆம் ஆண்டில் எலியட் வெசல் என்ற அமெரிக்க அறிவியலாளர் ஒரு விந்தையான செய்தியை வெளியிட்டார். சுண்டெலிகளுக்கு ஹெக்சோபார்பிட்டால் என்ற தூக்க மருந்தைக் கொடுத்து, அவை எவ்வளவு நேரம் உறங்குகின்றன என்று பார்ப்பது ஆய்வுக்கூடங்களில் வழக்கம். சிடார் சீவலில் வளர்ந்த சுண்டெலிகள், அதே அளவு மருந்தை உட்கொண்டும், சீக்கிரமே விழித்துக்கொண்டன! பீச், பிர்ச், மேப்பிள் ஆகிய மரங்களின் சீவலுக்கு மாற்றியதும் பழையபடி நெடுநேரம் உறங்கின. மருந்திலும் உணவிலும் மாற்றமில்லை. மாறியது படுக்கை ஒன்றுதான்.

காரணம் கல்லீரலில் இருந்தது. உடலுக்குள் வரும் அயல் பொருள்களைச் சிதைத்து வெளியேற்ற, கல்லீரலில் சில நொதிகள் இருக்கின்றன. சிடார் மரத்திலிருந்து ஆவியாகும் எண்ணெய்ப் பொருள்களைச் சுண்டெலிகள் இரவும் பகலும் சுவாசித்தன. அவற்றைச் சமாளிக்கக் கல்லீரல் அந்த நொதிகளை மிகுதியாக உண்டாக்கியது. அதே நொதிகள் தூக்க மருந்தையும் விரைவில் சிதைத்துவிட்டன. நமக்கு வெறும் வாசனை. சுண்டெலியின் கல்லீரலுக்கு ஓயாத வேலை!

ஹாம்ஸ்டருக்குப் படுக்கை ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை அறிய, அதன் பிறந்த ஊருக்குப் போகவேண்டும். வீடுகளில் வளரும் பொன்னிற ஹாம்ஸ்டரின் தாயகம் சிரியா நாட்டின் அலெப்போ நகரைச் சுற்றியுள்ள வயல்வெளி. 1930-இல் இஸ்ரேல் அஹரோனி என்ற விலங்கியலாளர் அங்கே ஒரு கோதுமை வயலைத் தோண்டச் செய்து, ஒரு தாயையும் அதன் குட்டிகளையும் பிடித்தார். இன்று உலகெங்கும் கூண்டுகளில் வாழும் பொன்னிற ஹாம்ஸ்டர்களில் பெரும்பாலானவை அந்த ஒரே குடும்பத்தின் வாரிசுகள். வயலில் அது வளை தோண்டி, மண்ணுக்கடியில் உறங்கும். மற்ற நேரத்தில்தான் வெளியே வந்து இரை தேடும். பார்வை மந்தம், மோப்பம் கூர்மை. கூண்டில் அதற்கு வளை ஏது? நீங்கள் போடும் படுக்கைதான் அதன் வளை. அதற்குள் புதைந்து, மூக்கை அதிலேயே வைத்து உறங்குகிறது. வயிறும் பாதங்களும் எந்நேரமும் அதில் படுகின்றன. போதாக்குறைக்கு அதைக் கன்னப்பையில் திணித்துச் சுமந்தும் செல்கிறது.

எனவே, தோல் மென்மையான ஹாம்ஸ்டருக்கு முதல் விதி இது: மணமுள்ள எதுவும் வேண்டாம். சிடார் கூடவே கூடாது. பைன் மரச்சீவலைச் சூளையில் உலர்த்தினால் எண்ணெய்ப் பசை பெருமளவு குறையும். பச்சைப் பைன் ஆகாது. வாசனைத் திரவியம் சேர்த்து விற்கும் படுக்கைகளும் அப்படியே. மரம் அறுக்கும் கடையில் இலவசமாகக் கிடைக்கும் தூளை அள்ளிவர ஆசை தோன்றும். அதில் எந்தெந்த மரம் கலந்திருக்கிறதோ, யார் கண்டார்? தேக்குத் தூள் பட்டுத் தச்சர்களுக்கே தோல் அரிப்பு வருவதுண்டு. தவிர, நுண்ணிய தூள் கண்ணையும் மூக்கையும் உறுத்தும்.

பின் எதைப் போடுவது? அச்சு மை படாத, மணமற்ற வெள்ளைக் காகிதம் எளிது. டிஷ்யூ காகிதத்தைக் கையாலேயே கிழித்துப் போடலாம். கூண்டுக்கென்றே விற்கப்படும் தூசியில்லாத காகிதத் துகளும், ஆஸ்பென் மரச்சீவலும் நல்லவை. பார்வைக்கு மெத்தென்று இருக்கும் பஞ்சை மட்டும் நம்பாதீர்கள். அதன் இழைகள் காலைச் சுற்றி இறுக்கும். விழுங்கினால் குடலை அடைக்கும்.

இன்னொன்று, படுக்கையின் ஆழம். ஸ்விட்சர்லாந்தில் நடந்து, 2006-இல் வெளியான ஓர் ஆய்வில் 10, 40, 80 சென்டிமீட்டர் ஆழங்களில் மரச்சீவலைப் பரப்பி ஹாம்ஸ்டர்களை வளர்த்தார்கள். 10 சென்டிமீட்டர் மட்டும் கிடைத்தவை கூண்டுக் கம்பியை அதிகமாகக் கடித்தன. ஆழமான படுக்கை கிடைத்தவையோ வளை தோண்டிக்கொண்டு குடியிருந்தன. ஒரு பிடி சீவலைத் தூவிவிட்டு, "ஏனோ கம்பியைக் கடிக்கிறதே!" என்று வியப்பதில் பொருளில்லை.

உங்கள் ஹாம்ஸ்டர் ஓயாமல் சொறிகிறதா? வயிற்றில் முடி உதிர்ந்து, பாதம் சிவந்திருக்கிறதா? தும்முகிறதா? நீங்களே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். உணவையும் கூண்டையும் இருக்கும் இடத்தையும் மாற்றாமல், படுக்கையை மட்டும் வெள்ளைக் காகிதமாக மாற்றுங்கள். நாள்தோறும் ஒரே நேரத்தில் பார்த்து, நோட்டுப் புத்தகத்தில் குறித்து வாருங்கள். ஒரே நாளில் உணவையும் மாற்றிவிட்டால், எதனால் குணமாயிற்று என்று தெரியாமலே போகும். இரண்டு வாரத்தில் தேறவில்லை என்றாலும், புண் தெரிந்தாலும், மூச்சுத் திணறினாலும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள், தாமதிக்க வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத உண்ணிகளும் இதே போன்ற அரிப்பைத் தரும். அவற்றுக்கு மருந்துதான் வழி.

ஈரமான மூலையை நாள்தோறும் அள்ளிவிடுங்கள். சிறுநீரிலிருந்து கிளம்பும் அம்மோனியாவும் தோலுக்கும் மூக்குக்கும் பகை. ஆனால் எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றாமல், உலர்ந்த பழைய படுக்கையில் ஒரு பிடியைப் புதியதோடு கலந்துவிடுங்கள். தன் மணம் அங்கே இருந்தால் அது கலவரப்படாது.

அந்த மணம் எங்கிருந்து வருகிறது தெரியுமா? ஹாம்ஸ்டரின் இரு விலாப்புறங்களிலும் கருமையான சிறு புள்ளி ஒன்று இருக்கும். ஆணுக்கு நன்றாகவே தெரியும். அது மணச் சுரப்பி. தோல் நோய் என்று எண்ணி அதன் மேல் களிம்பு தடவிவிடாதீர்கள்!