பாரிசவாதமும் குருதி உறையாமைக் குளிசைகளும்

மூளைக்குச் செல்லும் குருதிக்குழாய் அடைபடுவதாலும் பாரிசவாதம் வரும், அது வெடித்துக் கசிவதாலும் வரும். பெரும்பாலானவை அடைப்பினால் நேர்பவையே; எனினும் எது நேர்ந்திருக்கிறது என்பதை வெளித்தோற்றத்தைக் கொண்டு அறுதியிட்டுச் சொல்லத் தேர்ந்த மருத்துவராலும் இயலாது, சி.டி. ஸ்கான் படமே அதைக் காட்டும். ஆகவே வாய் கோணியதும் வீட்டிலேயே அஸ்பிரின் கொடுப்பது, வந்தது கசிவாயின், அதனை வளர்க்கும் செயலாகவே முடியும்.

அடைப்பு என்று உறுதியானால், அறிகுறி தொடங்கி நான்கரை மணித்தியாலத்துக்குள் அல்டிப்ளேஸ் என்ற உறைவுகரைப்பு மருந்து ஏற்றப்படலாம். அமெரிக்காவில் நடைபெற்று 1995 இல் வெளியான ஆய்வில், இம்மருந்து பெற்றோருள் 6.4 சதவீதத்தினருக்கு நோயை மோசமாக்கிய மூளைக் கசிவு ஏற்பட்டது. பெறாதோரில் அது 0.6 சதவீதமே. ஆயினும் மூன்று மாதத்தின் பின் ஊனமின்றி நடமாடியோர் மருந்து பெற்ற பக்கத்திலேயே அதிகம் என்பதால், ஆபத்தை அறிந்தே அதனை ஏற்றுகிறார்கள். ஏற்றிய பின்னர் 24 மணித்தியாலத்துக்கு அஸ்பிரினும் நிறுத்தப்பட்டு, குருதியமுக்கம் 180/105 இற்குக் கீழே பேணப்படுகிறது. திடீர்த் தலையிடி, வாந்தி, மயக்கம் தோன்றினால் மருந்தை நிறுத்தி மறுபடி ஸ்கான் எடுக்கிறார்கள்.

இதயத்துடிப்பு ஒழுங்கு குலைந்தவர்களும் வாதக்காய்ச்சலால் இதய வால்வு சுருங்கியவர்களும் உட்கொள்ளும் குருதி உறையாமைக் குளிசையான வார்ஃபரின், 1948 இல் எலிக்கொல்லியாகச் சந்தைக்கு வந்து 1954 இல் மனிதருக்கு அனுமதி பெற்ற மருந்து. அது குருதி உறைவதற்கு வேண்டிய வைட்டமின் கே யின் செயலைத் தடுக்கிறது, ஐ.என்.ஆர். எனப்படும் உறைதல் அளவு பெரும்பாலும் 2 இற்கும் 3 இற்கும் இடையில் நிற்க வேண்டும். முருங்கையிலை வறையிலும் வல்லாரைச் சம்பலிலும் அந்த வைட்டமின் நிறைய உண்டென்பதால் அவற்றை அடியோடு விலக்குவோர் உளர். அது தேவையற்றது, அளவு வாரத்துக்கு வாரம் மாறாதிருந்தால் போதும். யாழ்ப்பாணத்தின் கீரிமலை, மாவிட்டபுரச் சூழலில் கந்தசஷ்டி ஆறு நாளும் பால், பழத்தோடு விரதமிருப்பவருக்கு உணவு குறைய ஐ.என்.ஆர். ஏறி, கசிவுக்கு இடமுண்டாகிறது. விரதத்துக்கு முன்பே கிளினிக்கில் சொல்லி அளவு பார்ப்பதில் பக்திக்கு எந்தக் குறையுமில்லை. மூட்டுவலிக்குக் கடையில் வாங்கும் டைக்ளோஃபெனாக், கசிவைப் பொறுத்தவரை, விரதத்தினும் கெடுதி.

வார்ஃபரின் எடுப்பவருக்கே பாரிசவாதம் வந்தால், ஐ.என்.ஆர். 1.7 ஐத் தாண்டியிருக்கும்போது அல்டிப்ளேஸ் ஏற்ற முடியாது. வார்ஃபரினுக்குப் பின் வந்த புதிய குளிசைகளாயின் கடைசியாக விழுங்கிய நேரமே முடிவைத் தீர்மானிக்கும். அந்தக் குளிசைகளை எப்போது மீளத் தொடங்குவது என்பதில், பெரிய பாதிப்பாயின் 12 நாள்வரை பொறுப்பதே முன்னைய வழக்கம்; ஆறாம், ஏழாம் நாளில் தொடங்கினாலும் கசிவு கூடவில்லை என்று 2023 இல் வெளியான ஈலான் ஆய்வு காட்டியது.

அந்த நான்கரை மணித்தியாலத்துள் போய்ச்சேர வேண்டிய யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குக் கீரிமலையிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீற்றர். 2018 முதல் வடக்கிலும் இயங்கும் 1990 என்ற இலக்கத்து இலவச அம்புலன்சை அழைப்பவர்கள், நோயாளியோடு கிளினிக் கொப்பியையும் மிச்சக் குளிசைகளையும் கட்டாயம் கொண்டு செல்ல வேண்டும்.