இருதயத்தின் நுண்குழாய்கள்

இருதயத் தசைக்குக் குருதியைக் கொண்டு செல்லும் முடியுரு நாடி குருதியுறைவால் அடைபடுவதே பெரும்பாலும் மாரடைப்பாக முடிகின்றது. அவ்வுறைவை மருந்தாற் கரைத்தோ, நாடியினுள்ளே சிறு பலூனை விரித்தோ வைத்தியர் வழி திறப்பர். வழி திறந்ததும் இடர் நீங்கிற்று என எண்ணுதல் இயல்பே. ஆயினும், வாய்க்காலைத் திறந்தும் வயலுக்கு நீர் பாயாமைபோல, நாடி திறந்த பின்னரும் தசையின் ஒரு பகுதி குருதி பெறாது கிடப்பதுண்டு.

இதற்குக் காரணம் தசையினுள்ளே பரந்துள்ள மயிர்க்குழாய்களின் சேதமாகும். அவற்றின் விட்டம் ஒரு மில்லிமீற்றரின் நூறிலொரு பங்கிலுங் குறைவு. ஒட்சிசன் கிட்டாதவிடத்து அவற்றின் உட்சுவர்க் கலங்கள் வீங்கி வழியைச் சுருக்கும். சூழவுள்ள தசைக் கலங்களும் வீங்கிப் புறத்தே நெருக்கும். நாடி திறக்குங்கால் சிதறும் உறைவுத் துணுக்குகளும் வெண்குருதிக் கலங்களும் எஞ்சிய வழியையும் அடைக்கும்.

1974 ஆம் ஆண்டில் குளோனர், கனோற், ஜெனிங்ஸ் ஆகிய மூவர் நாய்களிற் செய்த ஆராய்ச்சியை வெளியிட்டனர். நாடியை 40 நிமிடம் அடைத்துத் திறந்தபோது குருதி மீண்டும் தசையெங்கும் பரவிற்று. 90 நிமிடம் அடைத்துத் திறந்தபோதோ உட்புறத் தசையின் சில பகுதிகளை அது சென்றடையவில்லை. நுண்குழாய்களைக் காப்பதிற் காலத்துக்குள்ள பங்கு இதனாற் புலனாகும்.

வைத்தியசாலை சேய்மையிலுள்ள ஊர்களுக்கு இவ்வுண்மை மிகவும் வேண்டற்பாலது. கற்பிட்டியை அடுத்த தீவுகளுள் ஒன்றான உச்சமுனையின் மீனவர் சிகிச்சைக்குப் படகேறியே செல்லவேண்டும். நெஞ்சுவலியை வாயுவெனக் கருதி விடியும்வரை பொறுத்திருந்தால், பின்னர் நாடி திறக்கப்படினும் நுண்குழாய்கள் பழுதுற்றே நிற்கக்கூடும். வலி தோன்றியவுடன் படகை அவிழ்த்தலே அங்கே சிகிச்சையின் முதற்படியாகும்.