உட்சுவரை நாமே பூசலாம்: தொண்டைமானாற்றில் முதலில் கவனிக்க வேண்டியது உப்பு

கூரை போட்டாயிற்று, கதவும் பூட்டியாயிற்று. உட்சுவர் மட்டும் இன்னும் வெறும் சீமெந்துக்கல்லாக நிற்கிறது. மீள்குடியேறிய பல வீடுகளின் நிலை இது. 2012 ஒக்ரோபர் 2ஆம் திகதி தொடங்கிய இந்திய வீட்டுத்திட்டக் கட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஐந்தரை இலட்சம் ரூபாய் கட்டம் கட்டமாக வழங்கப்பட்டது. அதற்குள் வேலையை முடிக்க முடியாமல் கடன்பட்டவர்கள் பலர். பூச்சு கடைசி வேலை என்பதால், பணம் முடியும்போது முதலில் தள்ளிப்போவதும் அதுதான்.

மேசனுக்குக் கூலி கொடுக்க வழியில்லாவிட்டால், ஓர் அறையின் உட்சுவரை வீட்டுக்காரரே பூசிப் பார்க்கலாம். மழை படாத சுவர் என்பதால் சிறு பிழை வீட்டைக் கெடுக்காது. வெளிச்சுவரில் பழக வேண்டாம்.

தொண்டைமானாற்றில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கடல்நீரேரி. கடற்கரை மணலில் பூசினால் அதிலுள்ள உப்பு ஈரத்தை இழுக்கும். சுவரில் வெள்ளையாகப் பூக்கும். பெயின்ற் உரிந்து விழும். உவர்க் கிணற்று நீரும் அப்படித்தான். குடிக்கக்கூடிய நீரிலேயே சாந்து குழைக்க வேண்டும். வடமராட்சி கிழக்கின் மணல்மேடுகளில் களவாக அள்ளப்படும் மணலை மலிவு என்று வாங்க வேண்டாம். அந்த மேடுகள் கரையோரக் கிராமங்களுக்குக் காவல். அனுமதியுள்ள இடத்து மணலை வாங்கி, அரித்தே பாவிக்க வேண்டும்.

பழைய வீடென்றால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 1987 மே 26இல் தொடங்கிய வடமராட்சி இராணுவ நடவடிக்கையும் பின்னர் நடந்த சண்டைகளும் சுவர்களில் தடயம் விட்டிருக்கின்றன. எறிகணைச் சிதறல் உள்ளே இருக்கப் பூசினால், இரும்பு துருப்பிடித்துப் பருத்துப் பூச்சைப் பிளக்கும். அதை எடுத்துவிட்டுத்தான் குழியை நிரப்ப வேண்டும். ஆனால் இன்னதென்று தெரியாத பொருள் கண்ணில் பட்டால் தொடாமல் விலகி, பொலிசாருக்கு அறிவிக்க வேண்டும்.

இனி வேலைக்கு வருவோம். முதல் நாள் சுவரைத் துடைத்து நன்றாக நனைத்து விடுங்கள். ஒரு வாளி சீமெந்துக்கு ஐந்து வாளி மணல். நீர் விடாமல் ஒரே நிறம் வரும்வரை புரட்டி, பிறகு சிறிது சிறிதாக நீர் விடுங்கள். ஒரு மணித்தியாலத்துக்குள் பூசி முடிக்கக்கூடிய அளவு மட்டும் குழையுங்கள். இறுகிய சாந்தில் மீண்டும் நீர் விட்டுப் பாவித்தால் அது பிடிக்காது. சீமெந்து தோலைப் புண்ணாக்கும், கையுறை போடுங்கள்.

தூக்குக்குண்டு பிடித்து, ஐந்தடி இடைவெளியில் 12 மில்லிமீற்றர் தடிப்பில் இரண்டு நேர்த்தடங்களைச் சாந்தால் இடுங்கள். அவை இறுகத் தொடங்கியதும் இடையில் சாந்தை அழுத்தி அப்பி, நேரான சட்டத்தைத் தடங்களின் மேல் வைத்துக் கீழிருந்து மேலாக இழுங்கள். பள்ளங்களை நிரப்பி மறுபடியும் இழுங்கள். விரலால் அழுத்தினால் மெல்லிய தடம் மட்டும் விழும் பதத்தில், மட்டப்பலகையால் வட்டமாகத் தேய்த்து விடுங்கள். அவசரப்பட்டால் சாந்து பலகையோடு வந்துவிடும். தடிப்புக் கூடத் தேவைப்பட்டால், முதற்பூச்சைக் கீறிவிட்டு, ஒரு நாள் கழித்து இரண்டாவதைப் பூசுங்கள்.

மறுநாள் முதல் ஏழு நாட்களுக்குச் சுவரை நனைக்க வேண்டும். பலர் தவறவிடுவது இதைத்தான். விரைவில் காய்ந்த பூச்சு வெடிக்கும்.

பத்தடிக்குப் பத்தடிச் சுவருக்கு 50 கிலோ சீமெந்துப் பை ஒன்று போதும். அலுமாரி மறைக்கப்போகும் சுவரில் தொடங்குங்கள். கை பழகியபின் அடுத்த சுவருக்குப் போகலாம்.